"எல்லாம் உங்களுக்காகத்தானே"ன்னு சொல்றதுக்கு முன்னாடி

வாசகர் கேள்வி: மேடம், எனக்கு 37 வயசு. ஒரு கம்பெனில டீம் லீடா இருக்கேன். இப்போ ரீஜனல் மேனேஜர் போஸ்ட் தர்றோம்னு சொல்லிருக்காங்க, பதினொரு வருஷமா இதுக்காகத்தான் நாயா ஓடுனேன். சம்பளமும் ஏறும். ஆனா மாசத்துல பாதி நாள் ட்ராவல். ரெண்டு வாரத்துல பதில் சொல்லணும். வொய்ஃப்கிட்ட கேட்டா "உங்க இஷ்டம்"னு மட்டும் சொல்றா. ஏழு வயசு பொண்ணுக்கு முன்பல் விழுந்து நாலு நாள் ஆச்சு, நான் தற்செயலா பாத்துட்டு ஏன்டா அப்பாகிட்ட சொல்லலன்னு கேட்டா "நீங்க போன் கால்ல இருந்தீங்கப்பா"ங்குறா. எங்கப்பா போன் பண்ணா ஹலோ சொல்றதுக்கு முன்னாடியே "பிஸியா இருக்கியா, அப்புறமா பேசவா"ன்னுதான் ஆரம்பிக்கிறார். எல்லாமே இவங்களுக்காகத்தானே பண்றேன், அப்புறம் ஏன் எனக்கு இவ்ளோ குற்ற உணர்ச்சி? இந்த போஸ்ட்ட எடுக்கவா, விடவா?

பதில்:

வணக்கம் தம்பி. என்னைவிட ரொம்ப சின்னவர், அதனால உரிமையோட தம்பின்னே கூப்பிடுறேன். எடுக்கவா விடவான்னு கேட்டிருக்கீங்க, அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, சொல்லவும் கூடாது, ஒரு லெட்டர படிச்சுட்டு இன்னொருத்தர் வாழ்க்கைல கையெழுத்து போடுறது எங்க கவுன்சிலிங் தொழில்ல பண்ணக்கூடாத வேலை. ஆனா உங்க லெட்டர்ல ஒரு வரி இருக்கு, அத சரி பண்ணாம நீங்க எந்த பக்கம் முடிவெடுத்தாலும் அது வீட்டுல சண்டையாதான் போய் முடியும்னு தோணுது. "எல்லாமே இவங்களுக்காகத்தானே பண்றேன்"ங்குற வரி.

இது பொய்னு சொல்ல வரல. வீட்டு செலவு, பொண்ணோட படிப்பு, அப்பாவோட மருந்து, இதெல்லாம் உங்க சம்பளத்துலதான் ஓடுது, அது அவங்களுக்கும் தெரியும். ஆனா இந்த போஸ்ட் அந்த செலவுக்காகவா? உங்க லெட்டர நீங்களே திருப்பி படிச்சு பாருங்க. சம்பளத்த பத்தி ரெண்டே வார்த்தை. "பதினொரு வருஷமா இதுக்காகத்தான் ஓடுனேன்"னு எழுதுன இடத்துலதான் உங்க குரல் கேக்குது. உங்களுக்கு அந்த நாற்காலி வேணும் தம்பி. அந்த மீட்டிங்ல நாலு பேர் உங்க முடிவுக்காக காத்திருக்கணும், உங்களுக்கு அப்புறம் வந்து முன்னாடி போனவன் திரும்பி பாக்கணும், நம்மாலயும் முடியும்னு உங்களுக்கே தெரியணும். இதெல்லாம் மனுஷனுக்கு வர்ற ஆசைதான், இதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல, எனக்கும் என் தொழில்ல இந்த ஆசையெல்லாம் உண்டு.

சிக்கல் எங்கன்னா, உங்க ஆசைய நீங்க அவங்க கணக்குல எழுதிட்டீங்க. அப்படி எழுதுன உடனே வீட்டுல எல்லாரும் உங்களுக்கு கடன்காரங்க ஆகிடுறாங்க, அதுவும் அவங்க கேட்டு வாங்காத கடன். வொய்ஃப் "இன்னைக்காவது சீக்கிரம் வாங்க"ன்னு சொன்னா அது உங்க காதுல நன்றியில்லாத பேச்சா விழும், ஏன்னா நீங்க அவங்களுக்காக உயிர விட்டு உழைச்சுட்டு இருக்கீங்களே. அவங்களுக்கோ வாய திறக்க முடியாது, திறந்தா "யாருக்காக பண்றேன்"னு ஒரே போடா போட்டுடுவீங்க. அதுக்கு யாரு என்ன பதில் சொல்ல முடியும்? சண்டை போட வழியில்லாத இடத்துல மனுஷங்க அமைதியா ஒதுங்கிடுவாங்க. உங்க வீட்டுல இப்போ நடக்குறது அதுதான்னு நினைக்கிறேன், "உங்க இஷ்டம்"ங்குறது சம்மதம் மாதிரி எனக்கு கேக்கல, சொல்லி சொல்லி ஓஞ்சுபோன ஒருத்தரோட பேச்சு மாதிரி கேக்குது. உங்க குற்ற உணர்ச்சிக்கும் இதுதான் காரணமா இருக்கும். நமக்காக நாம ஒண்ண செய்றோம்னு உள்ளுக்குள்ள தெரியும், வெளிய தியாகம்னு சொல்லிட்டு இருப்போம், ரெண்டும் ஒட்டாது.

அதனால முதல் வேலை, உக்காந்து வீட்டுல உண்மைய சொல்லுங்க. "எனக்கு இந்த போஸ்ட் வேணும்னு ஆசையா இருக்கு, பணத்துக்காக மட்டும் இல்ல, எனக்கே வேணும், ஆனா இதுக்கு நீயும் பாப்பாவும் சேந்து ஒரு விலை குடுக்க வேண்டி வரும், அது எவ்வளவுன்னு நான் மட்டும் முடிவு பண்ணக்கூடாது." இவ்ளோதான். இத சொல்றதுக்கு உங்களுக்கு கஷ்டமாதான் இருக்கும், தியாகின்னு இருந்த எடத்துல இருந்து கீழ இறங்கணும்ல. ஆனா இப்படி சொன்னா எதிர்ல இருக்குறவங்களுக்கு முதல் தடவையா பேச இடம் கிடைக்கும்.

இதோட மறுபக்கத்தையும் இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா இதுல மாட்டுனவங்கள நான் நிறைய பாக்குறேன். ஒருவேளை போஸ்ட் வேணாம்னு விட்டீங்கன்னா, அதையும் உங்க முடிவா விடணும். "குடும்பத்துக்காக விட்டுக்குடுத்தேன்"னு விட்டீங்கன்னா, அந்த வரி பத்து வருஷம் அந்த வீட்டுல சுத்தும். ஒரு நாள் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு வாக்குவாதம் வரும், அப்போ உங்க வாயில இருந்து "உங்களாலதான் நான் இப்படி இருக்கேன்"னு வரும். பொண்ணு அத கேட்டுட்டு நிக்கும். எடுத்தாலும் அவங்க தலைல வைக்காதீங்க, விட்டாலும் அவங்க தலைல வைக்காதீங்க.

இப்போ வொய்ஃப்கிட்ட எப்படி கேக்குறதுன்னு பாப்போம். "எடுக்கவா வேணாமா"ன்னு கேட்டா திரும்ப "உங்க இஷ்டம்"தான் வரும், அந்த கேள்வியே அப்படி, ஆமான்னு சொன்னா எல்லா பாரத்தையும் சுமக்கணும், இல்லன்னு சொன்னா புருஷன் வளர்ச்சிய கெடுத்தவள்னு பேரு வரும். வேற மாதிரி கேளுங்க. "நான் பாதி நாள் இல்லன்னா, எந்த வேலை உன் தலைல வந்து விழும்? இதுல எது உனக்கு சுத்தமா தாங்காது? எது இருந்தா பரவால்ல சமாளிக்கலாம்னு தோணும்?" கேட்டுட்டு வாய மூடிட்டு உக்காருங்க தம்பி. உடனே தீர்வு சொல்லாதீங்க, "அதுக்கு ஆள் வச்சுக்கலாம்"னு நடுவுல பாயாதீங்க. முதல்ல வர்றது பழைய கோபமாதான் இருக்கும், இந்த போஸ்ட்டுக்கு சம்பந்தமே இல்லாத பழைய கதையெல்லாம் வரும், வரட்டும். அது முடிஞ்சப்புறம்தான் உண்மையான பதில் வரும், சில சமயம் அது அடுத்த நாள்கூட வரும்.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். "நீங்க போன் கால்ல இருந்தீங்கப்பா"ன்னு சொன்னதுல கோபம் இல்ல கவனிச்சீங்களா, அது புகாரே இல்ல, வெறும் தகவல். அப்பா கால்ல இருந்தா சொல்லக்கூடாது, அவ்ளோதான், அந்த குழந்தை வீட்டோட சட்டத்த கத்துக்கிச்சு. ஜான் காட்மன்னு ஒரு உளவியல் ஆய்வாளர், புதுசா கல்யாணம் ஆன ஜோடிகள வீடு மாதிரியே அமைச்ச ஒரு லேப்ல தங்க வச்சு கவனிச்சார். ஒருத்தர் "அங்க பாரு அந்த பறவைய"ன்னு சும்மா சொல்றாங்க, இன்னொருத்தர் திரும்பி பாக்குறாங்களா இல்ல பேப்பர்லயே மூழ்கியிருக்காங்களா, இந்த மாதிரி சின்ன சின்ன அழைப்புகளத்தான் எண்ணுனாங்க. ஆறு வருஷம் கழிச்சு பாத்தப்போ, சேந்தே இருந்த ஜோடிகள் அப்படிப்பட்ட அழைப்புக்கு 86 சதவீதம் தடவை திரும்பியிருந்தாங்க, பிரிஞ்சு போனவங்க 33 சதவீதம்தான். அது ஜோடிகள பத்துன ஆய்வு, ஆனா குழந்தைங்க நாள் பூரா பண்றதே இந்த அழைப்புதான். "அப்பா இங்க பாருங்க"ன்னு கத்துற வரைக்கும் பிரச்சன இல்ல. கத்துறத நிறுத்துனாதான் நாம பயப்படணும். ஏழு வயசுதான் ஆகுது, இன்னும் நேரம் இருக்கு, அந்த வயசு பிள்ளைங்க ரொம்ப சீக்கிரம் மன்னிச்சுடும், பதினாலு வயசுல இவ்ளோ ஈஸியா இருக்காது.

உடனே நீங்க "அப்போ வேலைய குறைச்சுட்டு வீட்டுலயே இருந்தா சரியாயிடுமா"ன்னு கேப்பீங்க. அங்கயும் ஒரு விஷயம் இருக்கு. எல்லன் கலின்ஸ்கின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஆயிரத்துக்கும் மேல பிள்ளைங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு 1999ல வெளியிட்டாங்க. உங்க அப்பா அம்மா வேலை உங்க வாழ்க்கைய பாதிக்குறதுல ஒரே ஒரு விஷயத்த மாத்தலாம்னா எத மாத்துவீங்கன்னு. பெத்தவங்கள்ல பாதிக்கு மேல "எங்ககூட இன்னும் நேரம் செலவு பண்ணணும்னு கேப்பாங்க"ன்னு கணிச்சாங்க. பிள்ளைங்கள்ல அத கேட்டவங்க ரொம்ப கம்மி. அதிகமா வந்த பதில், அப்பா அம்மா இவ்ளோ டென்ஷனாவும் களைப்பாவும் வீட்டுக்கு வராம இருந்தா போதும்ங்குறது. நேரம் முக்கியமில்லன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அப்படி எடுத்துக்கிட்டு தப்பிச்சுக்காதீங்க. வீட்டுக்கு வந்து சேர்ற ஆள் எந்த நிலைமைல வந்து சேர்றார்ங்குறதும் சேத்துதான் கணக்கு.

1985ல கிரீன்ஹாஸ், பியூட்டல்னு ரெண்டு ஆய்வாளர்கள் வேலைக்கும் குடும்பத்துக்கும் நடக்குற மோதல மூணா பிரிச்சாங்க, நான் இன்னைக்கும் கவுன்சிலிங்ல அதைத்தான் யூஸ் பண்றேன். ஒண்ணு நேரம், இங்க இருந்தா அங்க இருக்க முடியாது, அது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது, ஒரு எடத்து டென்ஷன் இன்னொரு எடத்துக்கு ஒழுகுறது. மூணாவததான் யாரும் கவனிக்கிறதில்ல, ஒரு எடத்துல ஜெயிக்க வச்ச குணம் இன்னொரு எடத்துல நம்மள கெடுக்குறது. ஆபீஸ்ல ஒருத்தன் சுத்தி வளைச்சு பேசுனா "பாயிண்ட்டுக்கு வாங்க"ன்னு சொல்வீங்க, அதுக்குத்தான் உங்களுக்கு ப்ரமோஷனே. வீட்டுல பொண்ணு ஸ்கூல்ல நடந்தத சொல்ல ஆரம்பிக்குது, அந்த ஃப்ரெண்டு இப்படி சொன்னா, அதுக்கு இவ அப்படி சொன்னா, நடுவுல வேற ஒரு கதை, ஆரம்பமும் இல்ல முடிவும் இல்ல, நீங்க முகத்த அப்படியே வச்சுக்கிட்டு கண்ணால "சரி, முடிவு என்ன"ன்னு கேக்குறீங்க. வாயால சொல்லவே வேணாம், குழந்தைக்கு புரிஞ்சிடும். வொய்ஃப் ஒரு கஷ்டத்த சொன்னா மூணு ஆப்ஷன் குடுத்து எது ஓகேன்னு கேக்குறது, அப்பா உடம்பு முடியலன்னு சொன்னா டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு போன வைக்கிறது, எல்லாம் அதே குணம்தான். மேனேஜர் ஆனா இந்த குணம் இன்னும் கூடும், குறையாது. இத தெரிஞ்சுக்கிட்டு போங்க.

போன் விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. சோஃபி லெராய்னு ஒரு ஆய்வாளர் 2009ல எழுதுனாங்க, ஒரு வேலைய முடிக்காம இன்னொண்ணுக்கு தாவுனா மனசோட ஒரு பகுதி பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. நீங்க பாதி மெயில்ல இருக்கும்போது கதவ திறந்து உள்ள வந்தா, வந்தது பாதி ஆள்தான். இதுக்கு நான் சொல்ற வழி ரொம்ப சாதாரணமானது, வீட்டுக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடி, வண்டியிலயோ படிக்கட்டுலயோ நின்னு, நாளைக்கு காலைல முதல்ல எத தொடணும்னு ஒரு வரி எழுதி வச்சுடுங்க. பாதில விட்டத எங்க ஆரம்பிக்கணும்னு ஒரு பிளான் எழுதி வச்சா இந்த ஒட்டல் குறையுதுன்னு அவங்களோட பின்னாடி வந்த ஆய்வுலயும் இருக்கு. அப்புறம் உள்ள வந்து முதல் இருபது நிமிஷம் போன் வேற ரூம்ல. இருபது நிமிஷத்துல எந்த கம்பெனியும் மூழ்கிடாது.

உடம்ப பத்தி சுருக்கமா. உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 35ல இருந்து 40 மணி நேரம் வேலை பாக்குறவங்களோட ஒப்பிட்டா 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் பாக்குறவங்களுக்கு பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் கூட, இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் கூட. அவ்ளோ நேரம் உக்காந்தா வேலையாச்சும் கூடுதான்னு பாத்தா அதுவும் இல்ல, ஜான் பென்கவெல்னு ஒரு பொருளாதார பேராசிரியர் முதல் உலகப்போர் காலத்து பிரிட்டன் வெடிமருந்து தொழிற்சாலை கணக்க எடுத்து 2014ல எழுதுனார், 70 மணி நேரம் வேலை பாத்தவங்க செஞ்சது 56 மணி நேரம் பாத்தவங்க செஞ்சதவிட பெருசா கூட இல்ல. உங்க வேலை வேற, தொழிற்சாலை வேலை வேறதான், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு நீங்க எழுதுன மெயில காலைல திருப்பி படிச்சு பாத்தா உங்களுக்கே புரியும்.

சாகும்போது யாரும் ஆபீஸ நினைக்க மாட்டாங்கன்னு ஒரு டயலாக் சொல்வாங்கல்ல, அத நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த வாதம் பிடிக்காது. சாகுற அன்னைக்கு இஎம்ஐ இருக்காது, இன்னைக்கு இருக்கு. பணம் சந்தோஷம் தராதுங்குறதும் அப்படித்தான். டேனியல் கானமன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 2010ல ஒரு அளவுக்கு மேல வருமானம் ஏறுனாலும் தினசரி சந்தோஷம் ஏறாதுன்னு எழுதுனார், கில்லிங்ஸ்வொர்த்துன்னு ஒருத்தர் 2021ல இல்ல ஏறிட்டேதான் இருக்குன்னார், கடைசில 2023ல ரெண்டு பேரும் சேந்தே ஒரு ஆய்வு போட்டாங்க, பெரும்பாலானவங்களுக்கு ஏறுது, ஆனா ஏற்கனவே மனசு நொந்துபோய் இருக்குற ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு அளவுக்கு மேல பணம் உதவுறதில்லன்னு. ஆக, சம்பள உயர்வு நல்லதுதான். வீட்டுல இருக்குற மனத்தாங்கல அது சரி பண்ணும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

சரி, கம்பெனிகிட்ட என்ன பேசணும். ப்ரமோஷன்னா நம்ம ஆளுங்க சம்பளத்துக்கு மட்டும் பேரம் பேசுவாங்க, காலண்டருக்கு பேச மாட்டாங்க. "மாசத்துல பாதி நாள் ட்ராவல்"னு சொன்னாங்கன்னா அது யாரு கணக்கு? இப்போ அந்த போஸ்ட்ல இருக்குறவர் இல்ல இதுக்கு முன்னாடி இருந்தவர தனியா புடிச்சு கேளுங்க, கடைசி மூணு மாசத்துல எத்தனை ராத்திரி வீட்டுல படுத்தீங்க, எத்தனை ஞாயித்துக்கிழமை பெட்டியும் கையுமா போச்சு, திடீர்னு கிளம்ப சொல்வாங்களா இல்ல முன்னாடியே தெரியுமா. முன்கூட்டியே தெரிஞ்ச பத்து நாள விட திடீர்னு வர்ற நாலு நாள்தான் வீட்ட அதிகமா ஆட்டும். அப்புறம் உங்க பாஸ்கிட்ட போய், எந்த விசிட் நேர்ல போயே ஆகணும் எது வீடியோ கால்ல முடியும்னு ஒரு லிஸ்ட்டோட பேசுங்க. ட்ராவல் தேதிய மாசத்துக்கு முன்னாடியே ஃபிக்ஸ் பண்ண முடியுமா, ஆறு மாசம் பாத்துட்டு சரிவரலன்னா வேற ரோலுக்கு மாற வழி இருக்கா, ட்ராவல் முடிச்சு வந்த மறுநாள் வீட்டுல இருந்து வேலை பாக்க முடியுமா. இதெல்லாம் கேட்டா இவனுக்கு ஆர்வம் இல்லன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயப்படுறீங்க, தெரியும். ஆஃபர் குடுத்துட்டு அவங்க உங்க பதிலுக்கு காத்திருக்குற இந்த ரெண்டு வாரம்தான் உங்க கை ஓங்கியிருக்குற நேரம், ஜாயின் பண்ணப்புறம் கேட்டா அது புலம்பல். இப்போ கேட்டதுக்கே மூஞ்ச சுளிச்சாங்கன்னா, அந்த போஸ்ட்ல போய் உக்காந்தா எப்படி இருக்கும்னு உங்களுக்கு ஓசிலயே தெரிஞ்சிடுச்சு.

எடுத்தீங்கன்னா, வெளியூர்ல இருக்கும்போது பொண்ணுகிட்ட பேசுறதுக்கு ஒரு நேரம் வச்சுக்கோங்க, அது அஞ்சு நிமிஷமா இருந்தாலும் பரவால்ல, தவறாம இருக்கணும். ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசிட்டு மூணு நாள் காணாம போறது குழந்தைக்கு ஒத்துவராது. சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியான்னு விசாரணை பண்ணாதீங்க, அந்த முடிவே இல்லாத ஃப்ரெண்டு கதைய கேளுங்க, அந்த ஃப்ரெண்டு பேர ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த நாள் நீங்களா விசாரிங்க. வெளியூர்ல இருந்து வரும்போது பொம்மையோட வந்து குற்ற உணர்ச்சிய தீத்துக்க பாக்காதீங்க, ரெண்டாவது தடவையே பெட்டியத்தான் முதல்ல பாக்கும்.

அப்பாவ மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. அவர் விஷயம்தான் இருக்குறதுலயே சுலபம், அதுக்கு ப்ரமோஷன் முடிவாகணும்னு அவசியமே இல்ல. அவர் கூப்பிடுறதுக்கு முன்னாடி நீங்க கூப்பிடுங்க. "சும்மாதான்ப்பா கூப்பிட்டேன்"னு சொல்லுங்க, முதல் ரெண்டு தடவை "என்னப்பா, ஏதாவது பிரச்சனையா"ன்னு பதறுவார், பதறட்டும்.

இன்னொண்ணு, குற்ற உணர்ச்சின்னு எழுதிருக்கீங்க, அதோட சேத்து தூக்கம் வராம, எதுலயும் பிடிப்பு இல்லாம, பிடிச்ச வேலையே வெறுப்பா தோணுதுன்னா அது இந்த போஸ்ட் சம்பந்தப்பட்ட குழப்பம் மட்டும் இல்ல. அப்படி ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா பக்கத்துல ஒரு மனநல ஆலோசகர நேர்ல பாருங்க, அந்த நிலைமைல எடுக்கவும் வேணாம் விடவும் வேணாம்.

ரெண்டு வாரம் பத்தலன்னா இன்னும் ஒரு வாரம் கேளுங்க, பதினொரு வருஷம் உழைச்சவருக்கு ஒரு வாரம் தர யோசிக்க மாட்டாங்க. அந்த முன்னாடி இருந்தவர்கிட்ட வாங்குன ராத்திரி கணக்க வொய்ஃப்கிட்ட அப்படியே காட்டுங்க, குறைச்சு சொல்லாதீங்க. பேசி முடிச்சப்புறம் எனக்கு எழுதுங்க, எந்த பக்கம் முடிவானாலும் சரி, வொய்ஃப் என்ன சொன்னாங்கங்குறத அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, உங்க சுருக்கம் எனக்கு வேணாம்.